தொட்டி மேல் இரண்டு கொடி

பெயிண்டர் வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கிய கட்சித் தலைவர், மாடியைப் பார்த்ததும் கொதித்துப்போனார். தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் அவர் கட்சிக் கொடி. பக்கத்திலேயே, அதே உயரத்தில், எதிர்க்கட்சிக் கொடி!

"என்னய்யா இது? நீ நம்ம கிளைச் செயலாளர். உன் வீட்டு மேலயே அவனுங்க கொடியா?"

"அது என் சம்சாரத்தோட கொடிங்க. அவ அந்தக் கட்சி."

"பொண்டாட்டியை அடக்கத் துப்பில்ல, நீ ஊரைத் திருத்தப் போறியா? இறக்கச் சொல்லு!"

"சொல்ல மாட்டேங்க. என் கொடியை இறக்குன்னு அவ ஒருநாளும் சொன்னதில்ல."

"பதவி போயிடும்."

"போகட்டுங்க."

தலைவர் பல்லைக் கடித்தார்.

"அவ்வளவு உசரத்துல ஒரு பொம்பளை ஏறிக் கட்டியிருக்க மாட்டா. எவனோ ஏறியிருக்கான். எவன்னு மட்டும் சொல்லு, அவன் கையை உடைக்கிறேன்!"

உள்ளே, மனைவியின் தையல் மிஷின் சத்தம் நின்றது.

"உங்க கார்ல பறக்குதே நம்ம கொடி, அதைத் தைச்சுக் கொடுத்தது அவதாங்க" என்ற பெயிண்டர், தன் இரண்டு கைகளையும் அவர் முன்னால் நீட்டினார்.

"அவளுக்கு ஏணின்னா பயம்."