கூம்பு மேடம்

கூம்பைத் தூக்கியதும் கான்கிரீட் கலவை நிற்கவில்லை. பசுஞ்சாணி மாதிரி தகரத்தின் மேல் பரவிப் படுத்துக்கொண்டது.

அளவுகோல் வைத்துப் பார்க்கவே தேவையில்லை. இருந்தாலும் அவள் வைத்துப் பார்த்தாள். வேலை பழக வந்த பெண் கண்ணால் பார்த்துச் சொன்னால் யார் மதிப்பார்கள்?

“இது தூணுக்குள்ள போகக்கூடாது. யாரோ தண்ணி ஊத்தியிருக்காங்க.”

சாரத்தின் மேலிருந்து கொத்தனார் சிரித்தார். “வந்துட்டாங்கய்யா கூம்பு மேடம்! தண்ணிதானேம்மா ஊத்துனாங்க, விஷமா ஊத்துனாங்க?”

அந்தப் பெயர் முதல் வாரமே ஒட்டிக்கொண்டது. கலவையைச் சோதிக்கும் அந்த இரும்புக் கூம்பை அவள் கீழே வைத்து யாரும் பார்த்ததில்லை. ராத்திரி அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டுதான் தூங்குவாள் என்று பேச்சு.

சிவில் இன்ஜினியரிங் கடைசி வருஷம். பயிற்சி இந்த வாரத்தோடு முடிகிறது. இங்கேயே வேலை வாங்கித் தருவதாக இன்ஜினியர் சொல்லியிருந்தார். அவர் மேலிடத்தில் ஒரு வார்த்தை நல்லபடியாகச் சொன்னால் போதும். இல்லையென்றால், போன வருஷம் படித்து முடித்தவர்களைப் போலச் செருப்புத் தேய அலைய வேண்டியதுதான்.

சத்தம் கேட்டு அவரே வந்தார். மேகம் கருத்துக்கொண்டு வந்தது.

“மழைக்கு முன்னாடி முடிங்கப்பா. ஒரு தூணுல கொஞ்சம் தண்ணி கூடிட்டா இடிஞ்சா விழப்போகுது?”

“தெரியாது சார். மேல நாலு மாடி வருது. ஏத்திப் பார்த்துத் தெரிஞ்சுக்க வேண்டாம்.”

சொன்னவள் ஏணியின் முதல் படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். சட்டிகளோடு வந்த பெண்கள் வரிசையாக நின்றுபோனார்கள்.

“இறக்கி வைங்கக்கா. கழுத்து வலிக்கும்.”

இன்ஜினியருக்கு முகம் சிவந்தது. “சரி, ஊத்துனது யாரு? நீ சொல்லு. இப்பவே சீட்டுக் கிழிச்சு அனுப்பிடறேன்.”

மிக்சர் மட்டும் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. கலவைக் குவியலுக்குப் பக்கத்தில் சட்டி நிரப்பும் தலை நரைத்த சித்தாள், மண்வெட்டியை ஊன்றியபடி தரையைப் பார்த்தாள். அவள் வலது தோளில் ஒரு துணி இறுக்கிக் கட்டியிருந்தது.

கெட்டிக் கலவை மண்வெட்டிக்குச் சுலபத்தில் வராது. ஒவ்வொரு வெட்டுக்கும் தோளைப் பிடுங்கும். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் வெண்ணெய் மாதிரி வழித்து அள்ளலாம். கூலிக்கு மண்வெட்டி பிடித்த எல்லாருக்கும் இது தெரியும்.

“கலவைப் பக்கம் நீதானே நின்ன? பார்க்கலையா?”

“பார்க்கல சார்.”

“அப்போ கவனக்குறைவு உன்னோடது. மேலயும் அப்படித்தான் சொல்லுவேன். வேலை கீலைன்னு என்கிட்ட வந்து நிக்காதே.”

அவள் ஏணியை விட்டு எழுந்திருக்கவில்லை.

“சொல்லுங்க சார். ஆனா இது தூணுக்குள்ள போகாது.”

அவர் அவளைப் பார்த்தார். அவள் உட்கார்ந்திருந்த ஏணியைப் பார்த்தார். அண்ணாந்து வானத்தைப் பார்த்தார்.

“கொட்டித் தொலைங்க. புதுசாப் போடுங்க.” திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

கொத்தனார் சாரத்திலிருந்து காறித் துப்பினார். பெண்கள் சட்டிகளை ஓரமாகக் கவிழ்த்தார்கள். ஒருத்தியும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இனி எல்லாவற்றையும் முதலிலிருந்து சுமக்க வேண்டும்.

அவள் இன்னொரு மண்வெட்டியை எடுத்து, நரைத்த சித்தாளுக்கு எதிரே நின்று குவியலைத் தள்ளத் தொடங்கினாள்.

வேலையிடத்தில் அந்தச் சித்தாள் அவளிடம் வாய் திறந்தது அன்றைக்குத்தான்.

“நான் ஊத்துனதை நீ பார்த்தல்ல? சொல்லியிருந்தா உன் வேலையாவது தப்பிச்சிருக்கும்.”

கூம்பு மேடத்தின் மண்வெட்டி நிற்கவில்லை. கன்னத்தில் தெறித்த சிமென்டைத் தோளில் துடைத்துக்கொண்டாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்:

“அம்மா, நீ வீட்டுக்கு வா. இன்னைக்கு உனக்கு இருக்கு.”