அப்பாவுக்கு ஒரு கோப்பி

"அப்பா இப்ப கதைக்கிறாரோ, பிள்ளை?"

நோவிதா தொலைபேசியை மடியில் வைத்துவிட்டுத் தலையை ஆட்டினாள். "இல்லை அக்கா. அம்மாதான் கதைப்பா. விடிய எழும்பிக் கோப்பி போட்டுப் பக்கத்திலை வைச்சிட்டு, எந்த வயலுக்குத் தண்ணி பாய்ஞ்சது, ஆரின்ரை எருமை கண்டுக்குட்டி போட்டது எண்டு எல்லாம் சொல்லுவா."

ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரில் ஒரு முதியோர் இல்லம். அதன் ஊழியர் அறையில் இரண்டு பேரும் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். கலாதேவி யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, இந்த இல்லத்திலேயே தலை நரைத்தவள். நோவிதா இந்தோனேசியாவில், சுலாவெசித் தீவின் மலைக்குள் யாருக்கும் பெயர் தெரியாத ஓர் ஊரிலிருந்து தாதி வேலைக்கு வந்தவள். வந்து சில வருடமாகியும் ஊர்ப்பக்கம் போகவில்லை. பேச்செல்லாம் ஜெர்மனில்தான். 'அக்கா' மட்டும் கலாதேவி பழக்கிய தமிழ். மற்றதெல்லாம் கலாதேவியின் மனதுக்குள் தானாகவே யாழ்ப்பாணத் தமிழாகிவிடும்.

"சாப்பாடு?"

"தட்டு வைப்பினம்."

"டொக்டர் என்ன சொல்லுறார்?"

"இனித் தன்னாலை செய்ய ஒண்டும் இல்லை எண்டிட்டார்."

கலாதேவிக்கு விளங்கிவிட்டது. எத்தனை கிழவர்களை அவள் தன் கையால் வழியனுப்பியிருக்கிறாள்! பேச்சும் சாப்பாடும் நின்றால் அடுத்தது என்ன என்று அவளுக்குத் தெரியாதா? இந்தப் பிள்ளைக்கும் தெரியும், மனம்தான் ஒப்பவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

"அப்ப ஏன் இன்னும் இஞ்சை இருக்கிறாய்? ஓடிப்போவன்!"

"ஆகஸ்டிலை எல்லாரும் வருகினம் அக்கா. அண்ணா ஒரு எருமை கொண்டு வாறார். தங்கச்சியும் ஒண்டு. எனக்கும் ஒண்டு பாத்து வைச்சிருக்கு. எருமையோடை போய் நிண்டால்தான் வயல் பிரிக்கேக்கை பங்கு. வீட்டுக்குக் கீழை இருக்கிற கடைசி வயல் எனக்குத்தான் எண்டு அப்பா சொன்னவர். நான் போகாட்டி அது அண்ணாட்டைப் போயிடும்."

கலாதேவிக்குச் சுருக்கென்றது. ஒரு வேலித் துண்டுக்காகக் கூடப்பிறந்தவர்களோடு முகம் முறித்துக்கொண்ட சொந்தக்காரர்கள் அவளுக்கும் உண்டு.

"அப்பா கட்டிலிலை கிடக்கக் கிடக்க வயல் பிரிக்கிறியளோ? நல்ல பிள்ளையள்தான்!"

நோவிதா கோபிக்கவில்லை. "எங்கட ஊர் வழக்கம் அப்பிடி. வயல் போனாலும் போகட்டும் அக்கா. ஆனா நான் போகாமல் அப்பா போகமாட்டார். காத்துக்கொண்டிருப்பார்." அவள் சாப்பாட்டுப் பெட்டியை மூடினாள். "ஆகஸ்டிலை லீவு இல்லையெண்டு யூலியா சொல்லிப்போட்டா. ஆராவது மாறித் தந்தால்தானாம்."

யூலியா இல்லத்தின் பொறுப்பாளர். ஆகஸ்ட் லீவு கலாதேவியிடம்தான் இருந்தது. அது நோவிதாவுக்கும் தெரியும். ஆனாலும் அவள் கேட்கவில்லை.

அன்று பின்னேரம் கலாதேவி வீட்டுக்குள் நுழையும்போது கணவர் இராசலிங்கம் மடிக்கணினியில் விமானம் தேடிக்கொண்டிருந்தார். ஆகஸ்டில் யாழ்ப்பாணத்து நல்லூர்த் திருவிழாவுக்குப் போவதென்பது இருவரும் பல வருடமாகக் கட்டிவந்த மனக்கோட்டை.

"இஞ்சாருங்கோ, ரிக்கெற் போடாதேங்கோ. என்ரை லீவை அந்தப் பிள்ளைக்குக் குடுக்கப்போறன்."

"உமக்கென்ன விசரே? தேர் பாக்கவேணும், தேர் பாக்கவேணும் எண்டு என்ரை உயிரை எடுத்தது ஆர்?"

"நல்லூர்க் கந்தன் வாற வருசமும் இருப்பார். அந்தப் பிள்ளையின்ரை அப்பா இருப்பாரோ?"

இராசலிங்கம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் விடவில்லை.

"என்னைப் பெத்த ஐயா செத்தது எனக்கு எப்ப தெரிஞ்சது? இஞ்சை அகதி முகாமிலை இருந்த எனக்குத் தகவல் வரேக்கை எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவும் முடிஞ்சு போச்சு. செத்த அண்டைக்குப் பின்னேரமே கொண்டுபோய் எரிச்சுப்போட்டினம். எனக்காக ஒரு நாள் வைச்சிருக்கக் கூடாதோ எண்டு நான் ஆரைப் போய்க் கேக்கிறது?"

அவர் மடிக்கணினியை மூடினார். "சரி, சரி, அழாதையும். மார்கழியிலை போவம். கந்தன் கோவிக்கமாட்டார்."

மறுநாள் கலாதேவி யூலியாவிடம் சொல்லி லீவை மாற்றிக் கொடுத்தாள். நோவிதா அவள் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டு விம்மினாள்.

"கண்ணைத் துடை. வழியிலை ஒரு இடமும் மினக்கெடாதை. போனவுடனை அப்பாவின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு பக்கத்திலையே இரு," என்றாள் கலாதேவி.

ஆகஸ்ட் வந்தது. நோவிதா ஊருக்குப் புறப்பட்ட நாளிலிருந்து கலாதேவிக்கு வேலை ஓடவில்லை. தொலைபேசி அடித்தாலே ஓடிப்போய்ப் பார்த்தாள். பிள்ளை போய்ச் சேரும்வரையாவது அந்த மனிசனை வைத்திரு முருகா என்று, திருவிழாவுக்கு வராமல் விட்ட கந்தனிடமே கெஞ்சினாள்.

கடைசியில், ஒரு மதிய இடைவேளையில் வீடியோவில் நோவிதா வந்தாள். பின்னால் படிப்படியாக இறங்கும் வயல்கள், படகைக் கவிழ்க்காமல் தூக்கி வைத்தது போன்ற கூரைகள். முற்றம் நிறையச் சனம், கட்டியிருந்த எருமைகள்.

"அப்பா இருக்கிறாரோ பிள்ளை?"

"இருக்கிறார் அக்கா! வாங்கோ, காட்டுறன். நீங்கள்தான் என்னை அனுப்பினது எண்டு அவருக்குச் சொன்னனான்."

அப்பாடா என்று கலாதேவிக்கு மூச்சு வந்தது. திரை மரப்படியேறி ஓர் அறைக்குள் நுழைந்தது. நோவிதாவின் அம்மா பாயில் உட்கார்ந்தபடி சிரித்துக் கையசைத்தாள். அவள் பக்கத்தில், சிவப்புத் துணி சுற்றிய நீளமான ஒரு பெட்டி. அதன் தலைமாட்டில் ஆவி பறக்க ஒரு கோப்பை கோப்பி.

கலாதேவி தொலைபேசியைக் கண்ணருகே கொண்டுபோனாள். "ஐயோ பிள்ளை... எப்ப?"

"நான் ஜெர்மனிக்கு வந்த முதல் வருசமே, அக்கா," என்றாள் நோவிதா. "பிள்ளையள் எல்லாரும் வந்து சேருமட்டும் எங்கட ஊரிலை ஆரையும் செத்தவர் எண்டு சொல்லவும் மாட்டம், எருமை பலி குடுத்து அடக்கம் செய்யவும் மாட்டம், எனக்காக இத்தினை வருசமும் அப்பாவைப் பழுதாகாமல் மருந்து போட்டு வீட்டிலையே வைச்சிருந்தவை."