கோடும் புள்ளியும்

“பஞ்சர் கடையைத் தூக்கிட்டாங்கக்கா. இனிமே நிம்மதியா இரு,” என்றபடியே தம்பி கூடத்துக்குள் வந்தான். நெற்றியில் தையல் பிரிக்காத அக்கா, டீ டம்ளரைப் பிடித்தபடி அவன் வீட்டு சோபாவில் உட்கார்ந்திருந்தாள்.

“அவரு ஏதாவது சொன்னாரா?”

“என்ன சொல்லுவான்? ‘நான் எடுக்கல சார், நான் எடுக்கல’ன்னு அதே பாட்டுதான். காத்தடிக்கிற மெஷினை மாநகராட்சி வண்டியில ஏத்தினப்போ அழுதான். அழுதா ஆச்சா?”

முகம் தெரியாத யாரோ செய்திருந்தால் அக்காவுக்கு மனசு ஆறியிருக்கும். அவளுக்கு எல்லோருமே முகம் தெரியாதவர்கள்தான், பிறவியிலேயே பார்வை கிடையாது. ஆனால் பஞ்சர் கடைக்காரர் குரல் தெரிந்தவர்.

“தினமும் ‘பஸ் வருதும்மா, பார்த்து ஏறு’ம்பாரு. அந்த மனுஷன் எனக்கே குழி பறிச்சுட்டாரேடா!”

ஆஸ்பத்திரியில் அவள் டெலிபோன் ஆபரேட்டர். தெருவில் நடைபாதை போட்ட பிறகுதான் யார் கையையும் பிடிக்காமல் வேலைக்குப் போய்வர ஆரம்பித்தாள். நடைபாதை நடுவே பார்வையில்லாதவர்களுக்காக மேடு வைத்த கற்கள் பதித்திருந்தார்கள். காலுக்குக் கீழே கோடு கோடாக இருந்தால் நடக்கலாம். புள்ளி புள்ளியாக இருந்தால் நிற்க வேண்டும், பஸ் ஸ்டாப் வந்துவிட்டது என்று அர்த்தம்.

அந்தக் கற்களுக்காக மாநகராட்சிக்கு நடையாய் நடந்தவன் தம்பி. தெருவின் நடைபாதை கமிட்டிக்குச் செயலாளரும் அவன்தான். ‘என் தம்பி போட்ட பாதை’ என்று அவள் ஆஸ்பத்திரி முழுக்கத் தம்பட்டம் அடித்திருந்தாள்.

ஒருமுறை, ஸ்டாப்பில் இருந்த புள்ளிக் கல்லில் ஒரு புள்ளி மட்டும் உடைந்து போனது. மாநகராட்சியில் சொல்லிப் பார்த்தாள். “புதுசா போடத்தான் நிதி வருது மேடம். ரிப்பேருக்குன்னு எதுவும் ஒதுக்கறதில்ல. உங்க கமிட்டிதான் பாத்துக்கணும்,” என்று இன்ஜினீயர் கையை விரித்துவிட்டார். கமிட்டியோ, “பாத்துக்கலாம்க்கா,” என்றதோடு சரி.

கடைசியில் பஞ்சர் கடைக்காரர்தான் பழைய டயரை வட்டமாக வெட்டி, சொல்யூஷன் தடவி அந்த இடத்தில் ஒட்டினார். “மிதிச்சுப் பாரும்மா, சரியா இருக்கா?” என்று கேட்டார். அன்றிலிருந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் செருப்பைக் கழற்றி, மெத்தென்ற அந்த ஒற்றைப் புள்ளியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருப்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது.

போன வாரம் அந்தக் கற்கள் ராவோடு ராவாகக் காணாமல் போயின. காலையில் கோடு இருக்கும் என்று நம்பி வைத்த கால் பள்ளத்தில் இறங்கியது. நெற்றி நடைபாதை விளிம்பில் மோதி ரத்தம் கொட்டியது.

தூக்கி உட்கார வைத்தவர் பஞ்சர் கடைக்காரர். போன் போட்டதும் ஓடி வந்தவன் தம்பி. அவளைப் பிடித்த அவன் கையில் ஈர சிமென்ட் ஒட்டியிருந்தது. வீட்டு வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்திருக்கிறானே என்று அந்த வலியிலும் அவளுக்கு நெஞ்சு நிறைந்து போனது.

“கடை வாசல்லயே கல்லு போயிருக்கு. இந்த ஆளுக்குத் தெரியாம எவன் பேர்ப்பான்? வித்துத் தின்னுருப்பான்க்கா,” என்றான் தம்பி. யோசித்தபோது அவளுக்கும் அதுதான் சரியென்று பட்டது. மாநகராட்சி அதிகாரி முன்னால் நின்று, “அவருதான் சார், வேற யாரும் இல்ல,” என்று தன் வாயாலேயே சொன்னாள். பக்கத்தில் நின்ற பஞ்சர் கடைக்காரர், “நீயாம்மா சொல்ற?” என்றார்.

இப்போது அதை நினைத்தபடியே டம்ளரைக் கீழே வைக்கப் போனவள், டீயைப் புடவையில் சிந்திக்கொண்டாள்.

“விடுக்கா, அவனைப் போய் நெனச்சுக்கிட்டு. ஆஸ்பத்திரிக்கு இனிமே தினமும் நானே பைக்ல கொண்டு விடறேன்,” என்ற தம்பி, போன் அடிக்கவும் வாசல் பக்கம் போனான். மறுபடி அடுத்தவர் கையைப் பிடித்துக்கொண்டு அலைய வேண்டுமே என்று அவளுக்கு அழுகை முட்டியது.

தம்பி மனைவி வந்து தோளைத் தொட்டாள். “புடவையெல்லாம் டீ, அண்ணி. வாங்க, பின்பக்கம் போய் அலசிடலாம்.”

சமையலறையைத் தாண்டிப் பின்வாசல் படிக்கு வந்தார்கள். “துவைக்கிற இடம் முன்ன மாதிரி வழுக்காது அண்ணி. தைரியமா இறங்குங்க. இவரே உக்காந்து நல்ல கல்லா பதிச்சிருக்காரு,” என்று சொல்லிவிட்டு அவள் குழாயைத் திறக்கப் போனாள்.

அக்கா வெறுங்காலோடு இறங்கினாள். காலுக்குக் கீழே கோடு. இன்னொரு எட்டு வைத்தாள், அங்கேயும் கோடு. அதற்கடுத்துப் புள்ளிகள். பழகிய கால் தானாகவே நின்றது.

கட்டைவிரலை மெல்ல நகர்த்திப் பார்த்தாள். எல்லாப் புள்ளிகளும் கெட்டியாக இருந்தன. ஒன்று மட்டும் மெத்தென்று அமுங்கியது.

உள்ளேயிருந்து தம்பி ஓடி வரும் சத்தம் கேட்டது. “ஏய், அக்காவை அங்க கூட்டிட்டுப் போகச் சொல்லி உன்கிட்ட யாரு சொன்னா? அக்கா, நீ உள்ள வா!”

அவள் அசையவில்லை. நெற்றித் தையல் விண்ணென்று தெறித்தது.

“என்னக்கா, ஏன் அப்படியே நின்னுட்ட?”

“பஸ் ஸ்டாப் வந்துடுச்சுடா.”