பூனையும் இல்லாத வீடு

பூனை இல்லை. பெரியம்மாவும் இல்லை.

‘எங்கள் வீடு’ என்று தலைப்புக் கொடுத்து, வகுப்புக்குப் புதிதாக வந்த தொடுதிரை டேப்பில் எழுதச் சொல்லியிருந்தார் டீச்சர். தன் தங்கையின் பெண் எழுதியதை, பள்ளிக்கு வந்திருந்த பெரியம்மா மூன்றாவது முறையாகப் படித்தாள்.

‘எங்கள் வீட்டில் அப்பா உண்டு. அண்ணன் உண்டு. மின்விசிறி உண்டு. வாளி உண்டு.’

வாளிக்குக்கூட இடம் கிடைத்திருக்கிறது. தங்கை இறந்த நாளிலிருந்து இந்தப் பெண்ணுக்குத் தலை பின்னிவிடுகிறவளுக்கு இல்லை.

டீச்சர் தயங்கியபடி தன் டேப்பைக் காட்டினார். யார் எத்தனை தடவை எழுதி அழிக்கிறார்கள் என்று அது எண்ணி வைக்கும். தடுமாறுகிற பிள்ளைக்குக் கூடுதலாகச் சொல்லிக்கொடுக்கத்தான்.

“முதல் வரியில மட்டும் பத்தொன்பது தடவை அழிச்சிருக்கா. நோட்டுல கடகடன்னு எழுதற பொண்ணு. வீட்டுல ஏதாவது மனக்கசப்பா?”

பெரியம்மாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பெண்ணை விடுதியில் சேர்க்கலாம் என்கிறார் அவள் அப்பா. என்னிடமே இருக்கட்டும் என்று இன்றைக்கு அவரிடம் சொல்லிவிட நினைத்திருந்தாள். இனி எந்த முகத்தோடு சொல்வது?

“என் மேல கோபம்னா சரி டீச்சர். அந்தப் பூனை என்ன பண்ணுச்சு? தினம் இவ மடியிலதான் தூங்குது.”

சொன்ன பிறகு அதுவே உறுத்தியது.

பெரியம்மா தையல் மெஷின் பழுது பார்ப்பவள். நூல் அறுகிறது என்று யார் கொண்டுவந்தாலும் உடனே மெஷினைத் திறக்கமாட்டாள். எப்போதும் தைக்கிற மாதிரி ஒரு வரி தைத்துக் காட்டச் சொல்வாள். பாதிப் பழுது கையில்தான் இருக்கும்.

வாசலில் நின்ற பெண்ணைக் கூப்பிட்டு, அவள் எழுதிய டேப்பைக் கொடுத்தாள். பூனை என்று எழுதச் சொன்னாள்.

‘பூ’ வந்தது. அடுத்து விரல் கொம்பைத் தேடி அழுத்தியது. கொம்போடு ஒட்டிக்கொண்டு ஒரு புள்ளி வட்டம் முளைத்தது. பெண் பதறி அழித்தாள். மறுபடி கொம்பு. மறுபடி வட்டம்.

“கொம்பு போட்டாலே முட்டை வந்துடுது, பெரியம்மா. மார்க்கும் முட்டைதானா?”

பெரியம்மா அந்த விரலையே பார்த்தாள். நோட்டில் எழுதுகிற அதே வரிசை. கொம்பை வரைந்துவிட்டு எழுத்துக்குப் போகிறது.

அவள் கை நீட்டி ‘ன’வை அழுத்தினாள். அப்புறம் கொம்பை. கொம்பு தானாகத் தாவி ‘ன’வுக்கு முன்னால் போய் நின்றது. முட்டையைக் காணோம்.

பெண் பூனையை அப்படியே விட்டுவிட்டு முதல் வரிக்கு ஓடினாள். ‘எங்கள் வீட்டில்’ என்பதற்குப் பக்கத்தில் ‘ப’ வைத்தாள். கொம்பு வைத்தாள். பிறகு கடகடவென்று ‘ரியம்மா’.

பத்தொன்பது தடவையும் அழிந்தது அந்த ஒரு கொம்புதான்.

டீச்சர் சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் பெரிதாக எழுதினார்:

நோட்டில் கொம்பு முதலில், எழுத்து பிறகு. டேப்பில் எழுத்து முதலில், கொம்பு பிறகு.