ஏழு கிலோ பாரிஸ்

"சார்டின் டின்னுல ஒண்ண எடுத்துடு பஞ்சாலை. முள்ளு ஏழத் தாண்டுது."

கார் கொட்டகையின் உத்தரத்தில் தொங்கிய பழைய தராசின் கொக்கியில் பயணப்பை ஆடிக்கொண்டிருந்தது. ராமகிருஷ்ணன் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு, முள்ளுக்கு நேராக முகத்தை வைத்துப் பார்த்தார். மலேசியாவில் லாபு பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் முப்பது வருஷம் கிராணி. தொழிலாளிகள் கொண்டுவரும் கட்டிப்பாலை நிறுத்துக் கணக்கு எழுதியவர். ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டபோது ஸ்டோரை மூடினார்கள். அன்றைக்கு இந்தத் தராசைக் கேட்டு வாங்கி, தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

பஞ்சாலை ஒரு டின்னை எடுத்தாள். முள் ஏழில் நின்றது. அடுத்த பையும் ஏழு.

விமான டிக்கெட் இருப்பதிலேயே மலிவானது. ஆளுக்கு ஒரு பை, ஏழு கிலோ, அவ்வளவுதான். பாரிஸில் தங்கப்போவது அடுக்குக் கட்டில்களில் எட்டுப் பேர் படுக்கும் அறை. ஒரு வாரத்துச் சாப்பாடும் இங்கிருந்தே போகிறது. மெகி, சார்டின், அரிசி, சின்ன ரைஸ் குக்கர். ஊர் சுற்றக் கால் இருக்கிறது. ஒரே ஆடம்பரம், அந்த இரும்புக் கோபுரத்தின் உச்சிக்குப் போவது. அதற்கான காசை மட்டும் தீபாவளிக்குப் பிள்ளைகளுக்குக் காசு வைத்துக் கொடுக்கும் அங்பாவ் உறை ஒன்றில் போட்டு பஞ்சாலையிடம் கொடுத்திருந்தார்.

"தேன்நிலவுக்குப் போர்டிக்சன் கடக்கரைக்குக் கூட்டிட்டுப் போயி, சாயங்கால பஸ்ஸுலயே திருப்பிக் கூட்டியாந்தவன் நானு. அடுத்து பாரிஸ்தான்னு அன்னிக்குச் சொன்னேன். முப்பத்தெட்டே வருஷத்துல வாக்கக் காப்பாத்திட்டேன் பாரு."

"மேக்கட்டில்ல ஏறி முட்டியப் பேத்துக்காம இருந்தா போதும்" என்றாள் பஞ்சாலை. பிறகு பையைத் தட்டிக்கொண்டே, "பக்கத்து வீட்டுத் திலகா எலெக்ட்ரிக் தராசு வச்சிருக்காளாம். அதுலயும் ஒருவாட்டி பாத்துடலாமாங்க?" என்று கேட்டாள்.

"பசார் மாலாம் ராத்திரிச் சந்தையில பத்து வெள்ளிக்கு விக்கிற சாமானும் இதுவும் ஒண்ணா? ஒரு தோட்டத்துக்கே இதுலதான் நிறுத்தேன். தராசு பொய் சொல்லாது."

"இத எங்கிட்டதான் மொதல்ல சொன்னீங்க."

ராமகிருஷ்ணன் சிரித்தார். அவர்கள் கல்யாணக் கதையே அதுதான். பஞ்சாலை அப்போது அதே தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தாள். ஒருநாள் நிறுவையில், "ஐயா, கொறையுது" என்று கையை இடுப்பில் வைத்துக்கொண்டு சண்டைக்கு நின்றாள். "தராசு பொய் சொல்லாது" என்று இவர் அவள் வாயை அடைத்துவிட்டார். அந்த வாயைப் பார்த்துத்தான் பெண் கேட்டுப் போனேன் என்று விருந்துக்கு விருந்து சொல்வார். எல்லாரும் சிரிப்பார்கள். பஞ்சாலை எழுந்து தேத்தண்ணி கலக்கப் போய்விடுவாள்.

"சரி, நீங்க போயி குளிங்க" என்றாள் இப்போது.

விமான நிலையத்துக் கவுண்டரில் இருந்த பெண்ணின் சட்டையில் பெவர்லி என்று பெயர் குத்தியிருந்தது.

"அங்கிள், நைன் கிலோ லா."

"அது ஏழும்மா."

"ஆன்ட்டி பேக்கும் நைன்."

"ஒங்க மெஷின் கெட்டுப்போயிருக்கும்மா. நான் கிராணி. நிறுவதான் என் வேலையே."

அந்தப் பெண் பொறுமைசாலி. பைகளைப் பக்கத்துக் கவுண்டரில் தூக்கி வைத்தாள். அங்கேயும் ஒன்பது. "மெஷின் பொய் சொல்லாது அங்கிள்" என்றாள்.

ராமகிருஷ்ணன் விடவில்லை. பையைத் திறந்து, போட்டிருந்த சட்டைக்கு மேல் இரண்டு சட்டையை மாட்டினார். இரண்டு பையிலிருந்தும் ஒவ்வொரு சார்டின் டின்னை எடுத்துத் தன் சட்டைப்பைகளில் திணித்ததில் நெஞ்சு புடைத்துக்கொண்டது. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கண்ணாடிக் கதவில் தன்னைப் பார்த்தபோது அவருக்கே சிரிப்பு வந்தது. அப்படியும் எந்தப் பையும் எட்டுக்குக் கீழே இறங்கவில்லை.

"சாப்பாட்டு சாமான எடுத்து வெளியில போடுங்க, இல்லாட்டி எக்ஸ்ட்ரா கட்டணும்" என்றாள் பெவர்லி.

சாப்பாட்டைப் போட்டால் ஒரு வாரம் பட்டினி. ராமகிருஷ்ணன் திரும்புவதற்குள் பஞ்சாலை அங்பாவ் உறையைப் பிரித்து, இருந்த காசு முழுவதையும் எண்ணிக் கொடுத்துவிட்டாள். ஒரு பெருமூச்சுகூட விடவில்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

உள்ளே போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்கள். மூன்று சட்டைக்குள் அவருக்கு வேர்த்து ஊற்றியது.

"முப்பது வருஷக் கிராணிக்கு ஒரு பைய நிறுக்கத் தெரியல" என்றார். "அந்தத் தராசு ரெண்டு கிலோ கொறச்சுக் காட்டுது, பஞ்சாலை."

"எப்பலேருந்து?"

தோட்டத்தில் கட்டிப்பால் சாக்குகளோடு வரிசையில் நின்ற முகங்கள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. கடைசியில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஒருத்தி வந்தாள். அவருக்கு வெட்கமாக இருந்தது.

"அன்னிக்கு நீ சொன்னதுதான் நெசம். தராசுதான் பொய் சொல்லியிருக்கு. நான் அதக் கேக்காம ஒன்னப் பொய்க்காரியாக்கிட்டேன். இப்ப ஒன் கோபுரமும் என்னாலதான் போச்சு."

பஞ்சாலை காலி உறையை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். அவள் முகத்தில் இப்படி ஒரு நிம்மதியை அவர் பார்த்ததே இல்லை.

"கோபுரத்தக் கீழ நின்னு பாத்துக்கலாம்" என்றாள். "நீங்க குளிக்கப் போனப்பவே திலகா வீட்டுல நிறுத்துப் பாத்துட்டேன், ரெண்டும் ஒம்பது. இந்த ஒரு பேச்ச ஒங்க வாயால கேக்கணும்னுதான் அப்படியே கொண்டாந்தேன்."