கண்ணில் இரும்புத்தூள்

பாண்டிச்சேரி ஸ்கேன் சென்டர் கூடத்தில் அன்று உட்கார்ந்திருந்தவர்கள் மூன்று பேர். ஜன்னலோரம் நான்சி. கழிப்பறைக் கதவை ஒட்டி, கையில் பாட்டிலோடு அவள் புருஷன் ஜெரால்டு. ஃபேனுக்கு நேர் கீழே, மடியில் அட்டையும் அதன்மேல் வெள்ளைத்தாளுமாக அவள் அப்பா சேவியர்ராஜ்.

ஜெரால்டு தலை நிமிரவே இல்லை. குடலில் புண். நினைத்த நேரத்தில் எழுந்து ஓடவைக்கிற வியாதியை மாமனார் எதிரில் வைத்துக்கொள்ள யாருக்குத்தான் கூசாது?

"பாட்டில்ல பாதிகூட குறையல. குடிங்க மாப்ள."

"குடிச்சிக்கினுதான் இருக்கேன் மாமா. தொண்டைக்குள்ள எறங்க மாட்டேங்குது."

"குடல் விரிஞ்சாத்தான் படத்துல தெரியுமாம். மாத்திரை போதுமா, அறுக்கணுமான்னு அதைப் பார்த்துத்தான் சொல்வாங்களாம். நெய்வேலி ஆஸ்பத்திரிக்கே போயிருந்தா கம்பெனியே பார்த்திருக்கும்."

"வேணாம் மாமா. அங்க எல்லாரும் தெரிஞ்சவங்க. மானம் போயிடும்."

நான்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சேவியர்ராஜ் விட்ட வரியிலிருந்து தொடர்ந்தார். அனுப்புநர், பெறுநர், பொருள் என்று பள்ளிக்கூடத்தில் படித்த வரிசை மாறாமல், மைன்ஸ் அதிகாரிக்கு ஒரு விண்ணப்பம். மாப்பிள்ளையிடம் சொன்னால் தடுப்பார் என்று சொல்லவில்லை. 'தங்களிடம் நிரந்தர வெல்டராகப் பணிபுரியும் என் மருமகனுக்கு, உடல் தேறும்வரை நைட் ஷிஃப்ட் போடாமல்...'

ஸ்கேன் எடுக்கும் பையன் வந்தான். "மோதிரம், அரைஞாண், சிலுவை எல்லாத்தையும் கழட்டிடுங்க. என்ன வேலை பாக்கறீங்க?"

ஜெரால்டு வாயைத் திறப்பதற்குள் சேவியர்ராஜ் முந்திக்கொண்டார். "மைன்ஸ்ல வெல்டர். பர்மனென்ட்."

"அப்ப இன்னைக்கு எடுக்க முடியாது சார். கண்ணுல இரும்புத்தூள் தங்கியிருந்தா மிஷின் காந்தம் இழுத்துடும், பார்வையே போயிடும். கண் டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு அடுத்த வாரம் வாங்க."

"அடுத்த வாரமா? ரத்தமா போகுது தம்பி."

"கண்ணும் முக்கியம் சார்."

சேவியர்ராஜுக்கு மனசு ஆறவில்லை. 'வெல்டிங் வேலையால் இன்று ஸ்கேனும் தள்ளிப்போய்விட்டது, ஐயா' என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தார். மடித்து உறையில் போட்டுப் பசை தடவி ஒட்டினார். தெருவைத் தாண்டிப் போய்ச் சிவப்புப் பெட்டிக்குள் விட்டார். உள்ளே விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பினார்.

கூடத்தில், பச்சை அங்கி மாட்டிக்கொண்டு ஸ்கேன் அறை வாசலில் நின்றிருந்தான் ஜெரால்டு. பையன் கதவைத் திறந்து பிடித்திருந்தான்.

"என்ன தம்பி, முடியாதுன்னீங்க?"

பையன் ஜெரால்டைப் பார்த்தான். ஜெரால்டு தரையைப் பார்த்தான்.

"நான் வெல்டருங்களுக்கு டீ கொண்டு போற கான்ட்ராக்ட் ஆளு மாமா."