பூந்தோட்டப் பிரசங்கம்

மார்ச் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை காலை, அடக்க ஆராதனை தொடங்கச் சற்று முன்பு, ஆலயத்தின் ஆண்கள் கழிப்பறைக்குள் போன போதகர், அங்கியில் குத்தியிருந்த மைக்கை அணைக்கவில்லை.

மைக்காரருக்கு இது புதிதல்ல.

சபையில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கடைசி வரிசைக்குப் பின்னால், தூணோரம், அவருடைய மேஜை. கூடத்துக்குப் போகும் ஒலியை அடைத்துவிட்டு எதையும் தன் ஹெட்போனில் மட்டும் கேட்கும் வசதி அதில் உண்டு. போதகர் தொண்டையைக் கொப்பளிப்பது, பழைய சினிமா மெட்டை முணுமுணுப்பது, காணிக்கைப் பாடலின்போது ஏப்பம் விடுவது எல்லாம் அவருக்கு அத்துப்படி. கேட்டதும் அணைத்துவிடுவார். வெளியே மூச்சு விட்டதில்லை.

பக்தி விஷயத்தில் அவர் கொஞ்சம் காய்ந்த ஆள். ஒருமுறை உபவாசக் கூட்டத்தில் எங்கிருந்தோ ஒரு முழக்கம் எழுந்து, பரிசுத்த ஆவி இறங்கிவிட்டது என்று பாதிச் சபை முழங்காலில் விழுந்தது. அவர் குனிந்து, ஆடிக்கொண்டிருந்த பிளக்கை அழுத்திச் சொருகினார். ஆவி நின்றுவிட்டது.

போதகரிடம் அடக்க ஆராதனைக்கென்று மூன்று பிரசங்கங்கள் இருந்தன. பெயர் வைத்தது மைக்காரர். வயதானவர் போனால் 'பயண முடிவு'. நோயில் கிடந்து போனால் 'இளைப்பாறுதல்'. அகாலமாகப் போனால் 'பூந்தோட்டம்': கடவுள் தோட்டக்காரர், அழகான பூவைத்தான் முதலில் பறிப்பார்.

பூந்தோட்டம் மைக்காரருக்கு ஆகவே ஆகாது. இவ்வளவு பூவைப் பறித்து கடவுள் என்ன செய்கிறார், மேலே பூக்கடை போட்டிருக்கிறாரா என்று போதகரிடமே ஒருநாள் கேட்டுவிட்டார். போதகர் சிரித்தார்.

இன்று அதுதான் வரும்.

இறந்தவர் பாடகர் குழுவின் பின்வரிசைப் பெண்மணி. செவ்வாய்க்கிழமை துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. ஐம்பதுகூட ஆகவில்லை.

பூப் பறிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை வந்தாலும் மைக்கை அணைத்துவிடுவது என்று மைக்காரர் முடிவு செய்திருந்தார். சபையே திரும்பிப் பார்க்கட்டும். அணைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். மறுபடி இந்த வாசலை மிதிக்கமாட்டார்.

அந்தப் பெண்மணிக்குச் சுருதி கொஞ்சம் கீழேதான் நிற்கும். ஆனால் நெஞ்சாரப் பாடுவார், அதுதான் தொல்லை. அவர் முன்னால் இருக்கும் மைக்கை மைக்காரர் எப்போதும் இறக்கியே வைத்திருந்தார். ஆராதனை முடிந்ததும் பெண்மணி நேரே மேஜைக்கு வந்து நிற்பார்.

"இன்னைக்கும் என்னை அமுக்கிட்டீங்க, இல்ல? நல்லா அமுக்குங்க. மேல இருக்கிறவருக்கு உங்க வயர் தேவையில்ல."

சபை மூப்பர் ஒருவர் மேஜையருகே வந்து குனிந்தார். "அண்ணே, இன்னைக்காவது இதை வேற யார்கிட்டயாவது விடுங்களேன்."

"யார்கிட்ட, உன்கிட்டயா? போன தடவை நீ தொட்டப்போ ஆமென் சொல்லும்போதெல்லாம் ஊளையிட்டுச்சு."

மூப்பர் அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

ஹெட்போனில் தாழ்ப்பாள் விழும் சத்தம். மைக்காரரின் விரல் வழக்கம்போல் பொத்தானுக்குப் போயிற்று.

அப்போது போதகர் பேசினார். பிரசங்கக் குரலில் அல்ல, வீட்டில் சண்டை போடும் குரலில்.

"ஆண்டவரே, இது உமக்கே நல்லாயிருக்கா? இப்ப நான் வெளிய போய் பூந்தோட்டத்தை அவுத்து விடணும், அப்படித்தானே? என்னால முடியாது. வேணும்னா நீரே வாரும். அந்தம்மா புருஷன் மூஞ்சியப் பார்த்து நீரே சொல்லும், பார்ப்போம்."

விரல் நின்றது.

போதகர் மூக்கைச் சிந்தினார். ஹெட்போனில் அது இடி விழுந்தாற்போல் இருந்தது.

"உம்ம சிநேகிதன் செத்தப்போ நீர் என்ன பிரசங்கமா பண்ணினீர்? கல்லறை முன்னால நின்னு அழுதீர். அவனை உயிரோட எழுப்பப் போறோம்னு தெரிஞ்சே அழுதீர். அப்படி அழுத ஆளுதான் எனக்கு இன்னைக்கு வேணும். ஒண்ணும் பேச வேண்டாம். அந்த மனுஷன் பக்கத்துல வந்து உக்காரும். அது போதும்."

பிறகு தண்ணீர் இரைந்தது. தாழ்ப்பாள் திறந்தது.

அந்த ஹெட்போனில் மைக்காரர் கேட்காத ஜெபம் இல்லை. ஒன்றுக்கும் அவர் ஆமென் சொன்னதில்லை. வேலை நேரத்தில் வாய் திறக்கும் பழக்கம் கிடையாது. கழிப்பறையிலிருந்து வந்த இந்த ஒன்றுக்குச் சொன்னார். சத்தமாகவே வந்துவிட்டது போலிருக்கிறது, கடைசி வரிசையில் தாயின் தோளில் கிடந்த குழந்தை கண் விழித்து அவரைப் பார்த்தது.

போதகர் மேடையேறினார். கண்கள் சிவந்திருந்தன. அங்கியின் முன்பக்கம் நனைந்திருந்தது. மைக்காரர் அவர் குரலைக் கூடத்துக்குத் திறந்துவிட்டார். ஒரு விரல் மட்டும் அணைக்கும் பொத்தான் மேலேயே இருந்தது.

போதகர் சவப்பெட்டியைப் பார்த்தார்.

"எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல," என்றார். "பாடுவோம்."

மைக்காரர் விரலை எடுத்தார். ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பாட்டு தொடங்கியபோது நடுப்பாதையில் இறங்கி முன்னால் நடந்தார். இருபுறமும் உட்கார்ந்திருந்தவர்கள் காலை மடக்கி வழி விட்டார்கள்.

முன்வரிசையில் இறந்தவரின் இரண்டு மகள்கள் இருந்தார்கள். தங்களுக்கு நடுவே, அப்பாவுக்கென்று ஒரு நாற்காலியைக் காலியாக விட்டிருந்தார்கள்.

அவர் அதில் உட்கார்ந்தார்.